துணுக்காய் நேரம்

துணுக்காயிலிருந்து வவுனியாவுக்குக் கம்பஸ் படிக்க வந்த கிருசாந்தன், ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டினான், பாயை விரித்துக் காட்டினான், செருப்பையும் கழற்றிக் காட்டினான். கைக்கடிகாரத்தை மட்டும் மாற்றுவதில்லை என்று நினைத்துக்கொண்டான். அந்தக் காலத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அதைக் கணக்கெடுக்கவில்லை. ஓமந்தைக்கு வடக்கே எட்டு மணி என்றால் தெற்கே எட்டரை.

அரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொண்டால் போச்சு என்பது அவன் எண்ணம். ஆனால் நித்திரைக் கலக்கத்தில் கூட்ட மறந்துவிடுவான். விரிவுரைக்குப் போனால் கரும்பலகையைப் பாதி அழித்திருப்பார்கள். கன்ரீனுக்குப் போனால் புட்டு முடிந்து சம்பல் மட்டும் மிஞ்சியிருக்கும். அறைத்தோழன், பூவரசங்குளத்து றுமைஸ், சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனான்.

"மச்சான், அந்த முள்ளைத் திருப்பினா உனக்குக் கை முறிஞ்சிடுமோ?"

"இதைப் பார்த்தாத்தான்ரா அம்மா இப்ப மாட்டை அவிழ்க்கிறாவோ, தண்ணி அள்ளுறாவோ எண்டு தெரியுது."

சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது அழுகைதான்.

முதல் வருடச் சோதனை வந்தது. ஒன்பது மணிக்குத் தொடக்கம். அரை மணித்தியாலம் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள், ஒரு வருடம் அப்படியே போய்விடும். றுமைஸுக்குப் பொறுக்கவில்லை. கிருசாந்தன் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துக் கடிகாரத்தைப் புதிய நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கக் கடைக்குப் போனான்.

அன்றைக்கென்று பார்த்துக் கிருசாந்தன் கூட்ட மறக்கவில்லை. கடிகாரம் எட்டரை காட்டியது. கூட்டினால் ஒன்பது! இவ்வளவு நேரமா குளித்தோம் என்று பதறி, சேட்டுப் பொத்தான்களை மாறிப் பூட்டிக்கொண்டு, றுமைஸின் சைக்கிளில் ஏறிப் பறந்தான். மண்டபம் பூட்டிக் கிடந்தது.

"சேர், இந்த ஒருக்கா விடுங்கோ சேர்!" என்று கதவில் தட்டித் தட்டி அழுதான்.

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மாயாண்டி நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை. கதவு திறக்கிற திறப்பே இன்னும் வரேல்லை."

தேத்தண்ணிக் கடையிலிருந்து இவன் பறப்பதைக் கண்ட றுமைஸ், மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தான். "நான்தான்ரா திருப்பினனான். நீ பிந்திப்போடுவாய் எண்டு..." சொல்லி முடிக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"உனக்கென்னடா விளங்கும்? இது எங்கட ஊர் நேரம்!" என்று கத்தினான் கிருசாந்தன்.

றுமைஸின் சிரிப்பு நின்றது. ஏழு வயதில், இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டு அனுப்பியபோது, முல்லைத்தீவிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டவன் அவன். பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை.

"முல்லைத்தீவிலயும் உங்கட ஊர் நேரந்தானே, மச்சான்?"

"ஓம்."

"அப்ப பின்னுக்கே திருப்பி வை. இனி ஒவ்வொரு சோதனைக்கும் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வாறன்."

கிருசாந்தன் கடிகாரத்தைக் கழற்றினான். "நீயே திருப்பு" என்று அவனிடம் நீட்டினான்.