ஏகாதசிக்கு இடம் விட்ட வெண்பா

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்தும் கோணல், ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் ‘கல்வெட்டு’ என்று ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். அதில் திதி வெண்பா இருக்கும். இறந்த வருடம், மாதம், பிறை, திதி எல்லாவற்றையும் நாலு வரிக்குள் சொல்லும் பாட்டு. என் கணவரின் தமக்கை, எனக்கு மச்சாள், போன வருடம் அப்படி ஒரு கல்வெட்டோடு வந்து, வழக்கம்போல் வெற்றிலை கேட்டபடி குந்தினார்.

“எல்லாருக்கும் செத்தாப்பிறகுதான் பாட்டுப் படிக்கினம். ஆருக்குக் கேக்கும்? என்ரையை நான் இருக்கேக்கையே கேக்கோணும். நீ எழுது.”

“எனக்கென்ன தெரியும், மச்சாள்?”

“வெங்காயம் கட்டேக்கை வாய்க்குள்ளை முணுமுணுக்கிறியே, அது என்ன தேவாரமோ?”

அகப்பட்டுக்கொண்டேன். எங்கள் தகரவேலிக்கு அந்தப் பக்கம் ரியூசன் கொட்டில். பிள்ளைகள் கத்திப் படிப்பார்கள்: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். நான் இந்தப் பக்கம் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டு கேட்பேன். மாவுக்குப் பின்னால் நிரை வரவேண்டும், விளத்துக்குப் பின்னால் நேர் வரவேண்டும் என்பது அப்படித்தான் ஏறியது. ஆருக்கும் சொன்னதில்லை. வெட்கம்.

ஒரு கிழமை, ஏழு நாளும், கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கினேன். வருடமும் மாதமும் பிறையும் தெரியாததால் மேல் இரண்டு வரியையும் வெறுமையாக விட்டேன். கீழ் இரண்டு வரி வந்தது. திதிக்கு ஏதாவது வேண்டுமே என்று பஞ்சமியைப் போட்டேன்.

வெற்றிலை கேட்டவள் பஞ்சமி நாளிலே
சுற்றம் சிரிக்கவைத் தாள்.

தாளை நீட்டினால் மச்சாள் வாங்கவில்லை. “கண் தெரியாது, படி” என்றார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு படித்தேன்.

“செத்தவீட்டிலை சிரிக்கிறதோ?” என்றார். பிறகு தானே, “நல்லாத்தான் இருக்கு. ஆனா பஞ்சமி வேண்டாம். பஞ்சமியிலை போனா துணைக்கு ஆள் கேக்குமாம். நான் உன்னைத்தான் கூப்பிடுவன். ஏகாதசி போடு, அது நல்ல நாள்.”

விரல் விட்டுப் பார்த்தேன். ஏ, கா, தசி. நேர் நேர் நிரை. அது கனிச்சீர். கனி வந்தால் வெண்பா இல்லை என்று கொட்டிலில் எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள்.

“ஏகாதசியிலை மட்டும் போகாதையுங்கோ, மச்சாள். வெண்பாவுக்குள்ளை நிக்காது.”

“நான் போறதுக்கும் உன்னட்டைக் கேக்கோணுமோ?” அவர் பாக்குவெட்டியில் ஒரு முழுப் பாக்கை வைத்திருந்தார். “வாய்க்குப் பெரிசெண்டா என்ன செய்யிறது? ரெண்டாய் வெட்டுறது.” டக்கென்று வெட்டினார்.

நான் அந்த இரண்டு துண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏகா, தேமா. தசியிலே, கருவிளம். மாவுக்குப் பின்னால் நிரை. இருந்த இடத்திலேயே படித்தேன், இந்தமுறை அடுப்பைப் பார்க்காமல்.

வெற்றிலை கேட்டவள் ஏகா தசியிலே
சுற்றம் சிரிக்கவைத் தாள்.

மச்சாள் ஒரு கையால் தொடையில் தட்டி மூன்று தரம் திருப்பிச் சொன்னார். அன்றிலிருந்து மீன்காரர் வந்தாலும் சொல்லுகிறார், கோயில் வீதியில் கண்டவர்களுக்கும் சொல்லுகிறார். “எங்கடை மச்சாள் கட்டினது” என்று, நானும் அவருக்கு மச்சாள்தானே, என்னைக் கைகாட்டும்போது நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேன். ஆனாலும் உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு ஏகாதசியும் கழிந்த மறுநாள் காலை வந்து, “இந்தமுறையும் தப்பிட்டன்” என்கிறார்.

ஒரு சொல்லை இப்படி இரண்டு சீராக வெட்டலாமோ, எனக்கு நிச்சயமில்லை. தளை எங்கேயாவது தட்டுகிறதா என்று இலக்கணம் படித்த ஒருவர் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. அவசரமில்லை. மச்சாள் நேற்றும் ஒரு கட்டு வெற்றிலை வாங்கினார்.