நான்காம் ஆட்டத்தில் வந்த மினுக்கு

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் மூக்குக்கண்ணாடி வாங்கியவர்களுக்கு ஜோவன்னாவைத் தெரிந்திருக்கும். கண்ணாடி ஃபிரேமை மாட்டிப் பார்த்ததுமே, "இது உங்களுக்கு நல்லாவே இல்ல, வேற பாக்கலாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கடை முதலாளி ரவூப் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வருகிறவர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். வயது முப்பத்தாறு. அவளை ஏமாற்ற வெளியாள் யாரும் வரவேண்டியிருக்கவில்லை என்பதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும் அவள் நேரே சிராங்கூனில் இருக்கும் ரக்ஷனா வீட்டுக்குப் போவாள். இருவரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். ரக்ஷனாவுக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. சாப்பாட்டு மேசையில் இரண்டு மைக்கை வைத்துக்கொண்டு இருவரும் ஒரு பாட்காஸ்ட் நடத்திவந்தார்கள். பேச்செல்லாம் 'நிழற்கோட்டை' என்ற வீடியோ கேம் வரிசையைப் பற்றித்தான். அதில் வரும் வீரர்களுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? இதையே வருடக்கணக்காகப் பேசினார்கள். சிரிக்காதீர்கள். பந்து விளையாட்டைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசுகிறவர்களை நாம் கேலி செய்கிறோமா என்ன?

முதல் ஆட்டத்தில், ஆற்றங்கரைக் கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்தால் சக்தி வரும். சத்தியத்தை மீறினால் போய்விடும். இரண்டாவதில் சத்தியமாவது ஒன்றாவது, ராஜ வம்சத்தில் பிறந்தால்தான் உண்டு. மூன்றாவதில் ஓர் இரும்புக் கையுறை, மாட்டிக்கொண்டவனெல்லாம் வீரன். கம்பெனிக்காரன் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே போகிறான் என்று ஆடியவர்கள் எல்லாரும் திட்டினார்கள். ஜோவன்னா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றிலும் ஓரமாக ஓர் ஆள் வந்துபோவதை அவள் பார்த்துவைத்திருந்தாள். பார்வையில்லாத படகோட்டி, பேச்சு வராத இளவரசி, கை நடுங்கும் கடிகாரக்காரர். வீரனுக்குச் சக்தி வந்த சமயத்தில்தான் இவர்களுக்கு இந்தக் கதி வந்திருக்கிறது என்றாள். சக்தி புதிதாக முளைப்பதில்லை. ஒருவரிடமிருந்து போய்த்தான் இன்னொருவருக்கு வருகிறது. சத்தியம், வம்சம், கையுறை எல்லாம் மேல்பூச்சு.

இதில் அவளுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்பது ரக்ஷனா ஒருத்திக்குத்தான் தெரியும். ஜோவன்னாவின் அண்ணன் ஆர்னால்ட் மெல்பர்னில் டாக்டர். அவன் படிக்கப் போன வருடம் அம்மா படுக்கையில் விழுந்தார். கையில் கிடைத்த பல்கலைக்கழக இடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்தவள் ஜோவன்னா. யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் விட்டாள். ஆனாலும் அண்ணன் மேலே போனதற்கும் தான் நின்றுபோனதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாராவது ஒருவர் ஒத்துக்கொண்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டத்துப் படகோட்டி விஷயத்திலாவது யாராவது ஒத்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கினாள், பாவம்.

நான்காம் ஆட்டம் வெளிவருவதற்குச் சில வாரம் முன்னால், ரசிகர்கள் எல்லாரும் ஜாலான் புசாரில் ஒரு காப்பிக்கடையில் கூடினார்கள். கூட்டத்தை நடத்திய ஆதவன், "அக்கா, உங்க தியரி எவ்வளவு ஷுவர்?" என்று கேட்டான். ஜோவன்னா தயங்கினாள். பக்கத்தில் இருந்த ரக்ஷனா அவள் தோளைத் தட்டினாள்.

"சொல்லு ஜோ, என்ன பயம்? நம்ம தியரிதான் கரெக்ட் லா."

"தப்பா இருந்தா இனிமே மைக்கையே தொடமாட்டேன்," என்றாள் ஜோவன்னா. காப்பிக்கடை முழுக்கக் கைதட்டியது. யாரோ அதை வீடியோ எடுத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் வந்தது. தமிழ் வசனத்தோடு வந்த முதல் ஆட்டம். ரவூப்பிடம் லீவு கேட்டு வாங்கி, சாப்பாட்டைக்கூட மறந்து ஆடினாள். கடைசியில் கோட்டைக்கு அடியில் ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. மூன்று ஆட்டத்திலும் வந்த சக்தியெல்லாம் அந்த இயந்திரம் செய்துபார்த்த சோதனைகள்தான். படகோட்டி பிறவியிலேயே பார்வையில்லாதவன். இளவரசி சின்ன வயதில் காய்ச்சல் கண்டவள். கடிகாரக்காரருக்கு வயதாகிவிட்டது. யாரும் யாருக்காகவும் எதையும் இழக்கவில்லையாம். ஜோவன்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளையே யாரோ உட்காரவைத்து, உனக்கு ஒன்றும் நடக்கவில்லை போ என்று சொன்னது போல இருந்தது.

அதற்குள் அந்தக் காப்பிக்கடை வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. கண்ணாடிக்கடை அக்கா முதலில் தன் கண்ணைச் சோதிக்கட்டும் என்று இணையத்தில் எழுதினார்கள். அவளுக்கு மானமே போனது போலிருந்தது. இருந்தும் ஒரே ஒரு ஆறுதல் கிடைத்தது. சக்தி வரும்போது வீரனின் தோலில் ஓடும் வெளிச்சத்துக்கு அவர்கள் இருவரும் பாட்காஸ்டில் 'மினுக்கு' என்று பேர் வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் தமிழ் வசனத்திலும் அதே மினுக்கு. அடேயப்பா, அவ்வளவு பெரிய கம்பெனி நம் பேச்சைக் கேட்டிருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை சுடச்சுடக் கறிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு சிராங்கூனுக்கு ஓடினாள்.

"தியரி போனா போவட்டும்டி. நம்ம வார்த்தைய எடுத்துருக்காங்க, பாத்தியா?" என்றாள் செருப்பைக் கழற்றும்போதே.

ரக்ஷனா முகத்தில் ஈயாடவில்லை.

"அது நான் போட்ட வார்த்தை ஜோ. தமிழ் வசனம் நான்தான் செஞ்சேன்."

ஜோவன்னா முதலில் சந்தோஷப்பட்டாள். அதைச் சொல்லவே எனக்கு வயிறு எரிகிறது. "சொல்லவே இல்ல! எப்ப செஞ்ச?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"போன வருஷம். வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. போன வருடம் என்றால், அதற்குப் பிறகு இந்த மேசையில் எத்தனை ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் படகோட்டிக்காக ஜோவன்னா தொண்டை வறளப் பேசினாள். எதிரே உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியவளுக்கு அது பொய் என்று முன்பே தெரியும். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் வேறு என்ன?

"சொல்லக்கூடாதுன்னா சரி, உன் வேலை, நான் கேக்கல," என்றாள் ஜோவன்னா. அவள் குரல் உயரவே இல்லை. "ஆனா ஏன்டி ஆமான்னு சொன்ன? அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி ஏன் தள்ளிவிட்ட?"

"நான் சும்மா இருந்தா நீ கண்டுபிடிச்சிருப்ப. என் முகத்தப் பாத்தாலே உனக்குத் தெரிஞ்சிடும். எனக்கு வேற வழி தெரியல."

"நான் கண்டுபிடிக்கலையே."

ரக்ஷனா அழ ஆரம்பித்தாள். அவள் கையைப் பிடிக்க வந்தபோது ஜோவன்னா எழுந்து நின்றாள். அவளுக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. இருபது வருடமாக இந்த முகத்தைப் பார்த்துத்தான் அவள் எதையும் நம்பினாள். மற்ற எல்லாரிடமும் ஏமாந்துபோனாலும் இங்கே ஏமாற முடியாது என்று இருந்தாள்.

"அடுத்த வாரம் வருவியா?" என்று கேட்டாள் ரக்ஷனா. "மைக் வேணாம். சும்மா வா. சத்தியமா இனிமே உங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன் ஜோ."

ஜோவன்னா செருப்பை மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறாள் போல இருந்தது.

"இதையும் அதே முகத்தோடதானே சொல்ற," என்றாள்.