பதினேழாவது ஜுஸு

சகோதரர்களே, இருபது வருஷம் குர்ஆன் ஓதுகிற மாதிரி நடித்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்லத் தைரியம் இருக்காது.

காஞ்சிபுரத்தில் அட்டை குத்துவது என் தொழில். பட்டுச் சேலையில் மயிலும் அன்னமும் விழுவதற்காகத் தறிமேல் ஓடும் அட்டைகளில் ஓட்டை போடுகிற வேலை. எனக்கு ஏழு வயதில் அத்தா மௌத்தாகிப் போனார். என்னை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஓதப் போனது அத்தோடு நின்றது. தொழுகைக்கு வேண்டியதைக் காதால் கேட்டே பாடம் பண்ணிக்கொண்டேன். அரபி எழுத்து ஒன்றும் தெரியாது. வாய்த்த மனைவி ஜைனப், தெருப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள். அவளிடம் போய் எனக்கு முதல் எழுத்தான அலிஃபே தெரியாது என்று எப்படிச் சொல்வது? வீம்பு, வேறென்ன.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மௌத்தான வீட்டில் மூன்றாம் நாள் குர்ஆனின் முப்பது பாகங்களை, அதாவது முப்பது ஜுஸுவையும், ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள். முப்பது பேர் ஓதினால் ஒரே உட்காரலில் முழுக் குர்ஆனும் முடியும்; அதுதான் கத்தம். அதன் நன்மையை இறந்தவருக்குச் சேர்த்து துஆ கேட்பார்கள். எனக்கும் ஒன்று வரும். பிரித்து வைத்து உதட்டை அசைப்பேன். பக்கத்து ஆள் பக்கம் திருப்பினால் நானும் திருப்புவேன். வீட்டுக்கு வந்தால் ஜைனப், "இன்னிக்கு எத்தனாவது ஜுஸு வந்துச்சு?" என்று கேட்பாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் கொடுக்கும்போது சொன்ன எண்ணைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவேன்.

அறுபத்தெட்டாம் வருஷ ஐப்பசியில் மஞ்சள் காமாலை ஜைனபைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் என் கைக்கு வந்தது பதினேழாவது ஜுஸு. அன்றைக்கும் உதட்டைத்தான் அசைத்தேன்.

"எல்லாம் முடிஞ்சுதா?" என்றார் ஹஜ்ரத்.

"முடிஞ்சுது" என்று முப்பது குரல். அதில் ஒன்று என்னுடையது. அவர் கையேந்தினார். நான் ஆமீன் சொன்னேன்.

அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்த என் மகள் மும்தாஜ், சோறு வைத்துக்கொண்டே கேட்டாள்: "அத்தா, உனக்கு எத்தனாவது ஜுஸு வந்துச்சு?"

"சாவு வூட்ல கேக்கற கேள்வியா இது? பதினேழு. போ அந்தாண்ட" என்று எரிந்து விழுந்தேன்.

அதன்பிறகு சோறு இறங்கவில்லை. அட்டையில் ஒரு ஓட்டை தப்பினாலே நெசவாளி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் சத்தம் போடுவார். நான் ஒரு ஜுஸுவையே விட்டிருக்கிறேன், அதுவும் என் ஜைனபுக்கு. ஒவ்வொரு தொழுகையிலும் அழுதேன். "ரப்பே, அவளுக்குக் குறை வைத்துவிடாதே. என் நாக்கைத் திற. நானே ஓதி முடிக்கிறேன்." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மும்தாஜிடம் போய், "எழுத்து கொஞ்சம் மறந்துபோச்சும்மா" என்றேன். அவள் அலிஃப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள்.

தினம் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு உட்காருவோம். நாற்பத்திரண்டு வயது நாக்கு வளையுமா? தொண்டையிலிருந்து வர வேண்டிய எழுத்து பல்லில் வந்து நிற்கும். நாளெல்லாம் அட்டைக்கான டிசைன் கட்டங்களைப் பார்த்த கண்ணுக்கு, எழுத்தில் ஒரு புள்ளியும் இரண்டு புள்ளியும் ஒன்றுதான். நேற்றுப் படித்தது இன்று இருக்காது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போவேன். ஒரு வருஷம் போயும் அரைப் பக்கம் தாண்டவில்லை. அலுத்துவிட்டது, சகோதரர்களே. உடம்பு அலுத்தால் தேறிக்கொள்ளலாம். எனக்கு மனசே அலுத்துப்போனது.

ஒருநாள் கிதாபை மூடினேன். "வுட்டுடும்மா. எனக்கு வராது. உங்கம்மா கத்தத்துல நான் ஓதவே இல்ல. என்னிக்குமே ஓதனதில்ல. அவ இருபத்தொம்போது ஜுஸுவோட படுத்துக்கினு இருக்கா."

மும்தாஜ் என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியும் அத்தா."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். நம்ம வூட்ல நடந்த கத்தத்துல திரை ஓரமா நின்னு நீ பக்கம் திருப்பறத பாத்திருக்குது. அதனாலதான் நீ வர்றப்பல்லாம் எத்தனாவதுன்னு கேக்கும். நீ சொல்ற ஜுஸுவ அன்னிக்கே தனியா உக்காந்து ஓதி முடிச்சிடும். ஜுஸுவும் கொறையக்கூடாது, உங்கத்தா மானமும் கொறையக்கூடாதுன்னு சொல்லும்."

"அப்போ... பதினேழு?"

"நான் ஏன் கேட்டேன்னு நெனச்ச? உனக்கு சோத்த வச்சிட்டு உள்ள போயி நாந்தான் ஓதனேன்."

குழந்தை மாதிரி அழுதேன். குறை வைக்காதே என்று ஒரு வருஷம் மன்றாடினேன். நான் கையேந்துவதற்கு முன்பே என் ரப்பு அதை நிறைவேற்றி முடித்திருந்தான். என் மகளை ஒரு கேள்வி கேட்க வைத்தான். நான் அவளைத் திட்டினேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் பிடித்தது. ஒரு மார்கழி அஸரில், திக்கித் திணறி, பதினேழாவது ஜுஸுவின் கடைசி வரியை ஓதினேன். அல்ஹம்துலில்லாஹ். இன்றும் சரளமாக வராது. கத்தத்தில் ஜுஸுவைக் கொடுத்தால், "எனக்கு மெல்லத்தான் வரும் ஹஜ்ரத், பாதி குடுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். மற்றவர்கள் முடித்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள். இதுவரை யாரும் சிரிக்கவில்லை.

என்னைப் போலப் பக்கம் திருப்புகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். வெட்கத்தை விட்டு அல்லாஹ்விடம் கேளுங்கள். அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், பாய் விரித்திருக்கும். ஒன்று மட்டும். எத்தனாவது ஜுஸு என்று வீட்டில் யாராவது கேட்டால் எரிந்து விழாதீர்கள்.