முதலாளி பேரும் சர்க்கார் கஞ்சியும்

மழையில் தறிக்குழியெல்லாம் தண்ணீர். வேலை இல்லாததால் இன்று சர்க்கார் கஞ்சித் தொட்டிக்குப் போய் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் தலையில் முக்காடு போட்டு நின்றவர், நொடித்துப்போன எங்கள் பட்டு முதலாளி.

முன்பெல்லாம் மழைக்காலத்தில் அவர் வீட்டு முற்றத்தில்தான் எங்களுக்குக் கஞ்சி. நார்த்தங்காய் ஊறுகாய் வாசனை தெருமுனை வரை வரும். ஆனால் அவரை வாழ்த்திக் கோஷம் போட்ட பிறகுதான் அகப்பை அசையும்.

"பேரு இன்னா?" என்றார் குமாஸ்தா.

முதலாளி வாய்க்குள் முனகினார்.

"கேக்கலபா, சத்தமா சொல்லு."

அவர் தலை குனிந்தார். பழக்கதோஷம், பின்னால் நின்ற நாங்கள் அத்தனை பேரும் கத்திவிட்டோம்: "வரதப்ப மொதலாளி வாழ்க!"

மிரண்டுபோன குமாஸ்தா அவருக்கு இரண்டு அகப்பை ஊற்றினார்.

சர்க்கார் கஞ்சிக்கு யாரையும் வாழ்த்த வேண்டியதில்லை. ஊறுகாயும் கிடையாது. உங்களுக்கு எது வேண்டும், சொல்லுங்கள்.