குழாய் இங்குட்டு வரட்டும்

இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். எனக்குப் பசி எடுத்தது. சிரிக்காதீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் பஞ்சாயத்து ஆபீசில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கிய அறையில்தான் மேசை போட்டுக் கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். தயிர்சாதத்தையும் அந்த வாடையையும் பிரித்துப் பார்க்க என் மூக்கு இன்றுவரை பழகவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஊருக்கு அப்போதுதான் மின்விளக்கு வந்திருந்தது. வாரச்சந்தைக்குக் கொட்டகை போட்டதும், வாசகசாலை திறந்ததும், பஸ்ஸை ஊருக்குள் வரவழைத்ததும் எங்கள் தலைவர்தான். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஊர் என்றால் அவருக்குப் பெரியவீட்டுத் தெருதான் ஊர். அந்தத் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேயாவிலும் இருந்தார்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வந்து திறப்பார்கள்.

பஞ்சாயத்தில் பெண்கள் யாரும் ஜெயித்து வராவிட்டால், உறுப்பினர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய சட்டம். தலைவர் ராக்காயி அக்காவைச் சேர்த்தார். அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். புருஷன் இறந்த பிறகு மாட்டுவண்டிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். செங்கல், சுண்ணாம்பு, வைக்கோல் எல்லாம் அவர் வண்டியில்தான் வரும். கோடையில் ஊருணி வற்றியதும் அதே வண்டிகளில் பீப்பாயைக் கட்டி, ஊருக்கு வெளியே உள்ள தோட்டக் கிணற்றிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவந்து விற்பார். அவ்வளவு வேலை இருப்பவர் கூட்டத்துக்கு வரமாட்டார், தண்ணீர் விற்பவர் குழாயைப் பற்றிக் கேட்கமாட்டார் என்று தலைவர் இரண்டு கணக்குப் போட்டிருந்தார். இரண்டும் தப்பு.

"கூட்டத்துக்கெல்லாம் நீ அலைய வேணாம் ஆத்தா. தம்பி வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கிரும்" என்று என்னைக் காட்டினார்.

"எதுக்குன்னு தெரியாம எங்க அப்பனுக்கே நான் கையெழுத்துப் போட்டதில்ல. வாரேன்" என்றார் அக்கா.

வந்தார். ஒரு கூட்டம் விடாமல் வந்தார். மாட்டுச் சாணமும் வைக்கோலும் கலந்த ஒரு வாசனை அவரோடு வரும். பக்கத்தில் இருப்பவர்கள் மேல்துண்டை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். அக்கா இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவார்.

மேல்நிலைத் தொட்டி கட்டி முடித்த வருஷம்தான் சண்டை வந்தது. வந்து இறங்கிய குழாய்களைப் பெரியவீட்டுத் தெரு நெடுகப் பதிப்பது என்று தீர்மானம். கண்மாய்க்கரையில் குடியிருந்தவர்களுக்குக் குழாய் எட்டாதாம். காளவாசலில் செங்கல் அறுக்கிறவர்களும் கூலிக்குப் போகிறவர்களும் அங்கே இருந்தார்கள். ஊருணிப் படியில் அவர்கள் இறங்கக் கூடாது. கண்மாய்க்குள் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரின் நிறம் தேநீர் நிறம்.

"பூட்டுத் தொங்குற வீட்டுக்குத் தண்ணி தவிக்குதாங்கய்யா?" என்று கேட்டார் அக்கா.

"ஊருக்குக் கோயிலும் பள்ளிக்கூடமும் செஞ்சு குடுத்தவுகத்தா அவுக."

"செஞ்சாக. இல்லேங்கல. இப்ப இங்கன இல்லையே. இருக்கவுக பிள்ளைக பேதியில போகுது."

தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த கை ஒன்று.

அந்த வைகாசியில் பெரியவீட்டுத் தெருவில் ஒரு பெரிய கல்யாணம். பூட்டிய வீடு திறந்து, வெள்ளையடித்து, பந்தல் போட்டாயிற்று. ஊருணியின் அடிமண் வெடித்துக் கிடந்தது. வீட்டுக் கிணற்றில் உப்பு. மறுநாள் முகூர்த்தம். அன்று காலை தண்ணீர் வண்டிகள் வரவில்லை. விசாரித்தால், அத்தனை வண்டியும் கண்மாய்க்கரையில் நின்று அங்கே இருப்பவர்களுக்குச் சும்மா ஊற்றிக்கொண்டிருக்கின்றன. காரைக்குடியில் வண்டி பிடிக்க ஆள் போனது. அந்த வண்டிக்காரர்களும் அக்காவின் வண்டிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள். மாட்டுக்குக் கால் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தலைவர் என்னையும் இழுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனார். நான் சமாதானம் பேச வேண்டுமாம். "அக்கா, வெயிலா இருக்கு" என்றேன். அதற்குமேல் எனக்குச் சமாதானம் வரவில்லை.

"குழாய் இங்குட்டு வரட்டும் தலைவரே, வண்டி அங்குட்டு வரும்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை.

"உன் பொழப்புல நீயே மண்ணைப் போடுறியேத்தா. ஊரெல்லாம் குழாய் வந்தா உன் தண்ணிய யாரு வாங்குவா?"

"மாடு செங்கல் இழுக்கும். நீங்க அதுக்கு வெசனப்படாதீக."

பிறகு கல்யாண வீட்டு ஆச்சியே காரில் வந்து இறங்கினார். காதில் வைரத்தோடு, முகத்தில் கோபம். "நல்ல காரியம் நடக்குற வீடு. தண்ணிய மறிக்கலாமா ராக்காயி?"

"மறிக்கல ஆச்சி. இவுகளுக்கு ஊத்துறேன். இங்க உள்ளதெல்லாம் வருஷம் பூரா சனம் இருக்குற வீடு."

வண்டித் தண்ணீர் போதாமல் குழிக்குள் இறங்கி வழித்துக்கொண்டிருந்த பெண்களை ஆச்சி பார்த்தார். மனம் உருகியதாக எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அவசரம். தலைவர் பக்கம் திரும்பி, "நாங்க இருக்கப் போறது இன்னும் கொஞ்ச நாளு. எங்க தெருவுக்கு ஒரு குழாய் போதும். மிச்சத்த இங்குட்டுக் கொண்டாங்க. எனக்கு நாளைக்குப் பந்திக்குத் தண்ணி வேணும்" என்றார்.

தலைவர் தலையாட்டினார். அக்கா அசையவில்லை. "வாய்ச்சொல்லு வேணாம். தண்ணிய எறக்கிட்டுத் திரும்புற வண்டில குழாய ஏத்துங்க."

அப்படியே நடந்தது. பீப்பாய்கள் கல்யாண வீட்டில் இறங்கின. திரும்பும் வண்டிகளில் இரும்புக் குழாய்கள் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போயின. தீர்மானத்தை மாற்றுவது அதற்குப் பிறகுதான். "எழுதித் தொலைப்பா" என்றார் தலைவர். எழுதினேன். அதுபோல அழகான கையெழுத்து பிறகு எனக்கு வரவில்லை.

ஒரே தொட்டித் தண்ணீர் இரண்டு பக்கமும் போவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். "பிடிக்காட்டி ஊருணி நெறையுற வரைக்கும் தவிச்சுக் கெடக்கச் சொல்லுங்க" என்று அக்கா சந்தையில் வைத்தே சொன்னார். கண்மாய்க்கரைக் குழாயில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டியது. பிள்ளைகள் அதிலேயே குளித்தார்கள். மறுகோடையில் அக்காவின் பீப்பாய்களைக் கேட்க ஆளில்லை. இரண்டு சோடி மாட்டை விற்றார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அக்கா தலைவர் பதவிக்கே நின்றார். தோற்றார். கண்மாய்க்கரை ஓட்டு முழுக்க அவருக்கு, பெரியவீட்டுத் தெரு ஓட்டு முழுக்க எதிராளிக்கு. தோற்றும் கூட்டத்துக்கு வந்து கேட்பதை அக்கா விடவில்லை. பிறகு அரசாங்கம் பஞ்சாயத்து மன்றத்தையே கலைத்துவிட்டது. தனி அலுவலர் ஒருவர் வந்தார். அந்த மாதம் அக்கா ஆபீசுக்கு வந்து, "கூட்டம் எப்பப்பா?" என்றார்.

"கலைச்சாச்சுக்கா. இனிக் கூட்டம் கிடையாது. எல்லாம் ஆபீசர்தான்."

"அப்ப யாரு கேக்குறது?"

நான் பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன்.

"சரி, இன்னைக்கு நான் ஒருத்தி கூட்டம். எழுதிக்க." நேரே அலுவலரின் மேசைமுன் போய் நின்று, கண்மாய்க்கரைக்குத் தெருவிளக்கு, சந்தைக்குக் கக்கூசு, மழைத்தண்ணி போக வாய்க்கால் என்று வரிசையாகச் சொன்னார். அலுவலர் நிமிரவில்லை. அக்கா கடைசிவரை சொல்லிவிட்டு, "கூட்டம் முடிஞ்சது" என்று வெளியேறினார். நடக்க முடிந்த காலம்வரை மாதாமாதம் அந்தக் கூட்டம் நடந்தது. விளக்கு மட்டும் வந்தது.

அக்கா போய் வெகுகாலமாகிவிட்டது. பீப்பாய் வண்டி, காளவாசல், பூட்டிய வீடுகளில் பாதி, எல்லாமே போய்விட்டன. அவற்றுக்காக வருந்த ஊரில் ஆள் இருக்கிறது, நான் வேண்டாம். ஆபீசுக்கு டைல்ஸ் பதித்த புதுக் கட்டடம் வந்திருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். ஆனால் அவர்களுக்குப் பதில் புருஷன்மார் பேசுகிறார்கள். தீர்மானத்தை வாசித்ததும் முன்பெல்லாம் அக்காவிடமிருந்து எழும் அந்தக் கேள்வி இல்லை. வாசிக்கிறார்கள், கை தட்டுகிறார்கள், டீ வருகிறது. போன முறை ஊர்க்கூட்டத்தில் நான் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மழைத்தண்ணி வாய்க்கால் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஐயா, வயசாயிருச்சு, உக்காருங்க" என்றார்கள்.

உட்காரவில்லை.