அன்புள்ள அத்தைக்கு

எழுபதுகளின் கடைசி. இலங்கையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். நாங்கள் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என்னைப் பெற்ற அம்மாவோ கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கை மலைநாட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவளை என் கல்யாணத்துக்கு வரவழைக்க நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் இந்தப் பக்கமும் அம்மா அந்தப் பக்கமும் ஆனது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே என்னைத் தாய்மாமா வீட்டில் விட்டுவிட்டார்கள். மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளை இல்லை. அவர்கள் இருந்த தோட்டத்தில் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. அம்மாவுக்கு எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள், அதோடு வேலைக்கும் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் மாமாவைத்தான் என் அப்பா என்று எழுதினார்கள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்துத் தமிழர்கள் இந்தியாவுக்குப் போக மனுப் போட்டபோதும் மாமா என்னைத் தன் மகள் என்றே சேர்த்தார். என் அப்பாவும் இந்தியாவுக்குத்தான் மனுப் போட்டிருந்தார். எப்படியும் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தானே போகப் போகிறோம், முன்னே பின்னே போனால் என்ன என்று பேசிக்கொண்டார்களாம்.

மாமாவின் மனு சரியாகி நாங்கள் கப்பல் ஏறினோம். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பாவின் மனு திரும்பி வந்தது. மறுபடி போட்டார், மறுபடியும் திரும்பியது. அப்படியே சில வருஷம் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் விட்டுவிட்டார். பிறகு அங்கேயே குடியுரிமை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இங்கே வந்த பிறகு எங்களுக்கு எல்லாமே, தாயகம் திரும்புகிறவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டைதான். அதைக் காட்டித்தான் மாமாவுக்கும் மாமிக்கும் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது, லயத்தில் வீடு கிடைத்தது. எனக்கு வயது வந்ததும் அதே அட்டையில் மகள் என்று இருந்ததால்தான் என் பெயரையும் வேலைக்குப் பதிந்தார்கள். மாமா பயந்த சுபாவம். யாராவது மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று, நான் அக்கா மகள் என்பதை இந்த ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லவில்லை.

நாள் குறித்ததும் அம்மாவுக்கு எழுதிப் போட்டோம். அம்மாவும் அப்பாவும் அங்கே விசா கொடுக்கிற ஆபீசுக்குப் போய், மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தார்கள். இங்கிருந்து மாமா தன் குடும்ப அட்டை நகலை இணைத்து, அக்காவையும் அத்தானையும் அழைப்பதாகக் கடிதம் அனுப்பியிருந்தார். இரண்டு மாதம் கழித்து எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கூட வந்த இங்கிலீஷ் தாளை அம்மா எங்களுக்கு அனுப்பி வைத்தாள். எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம்.

"ரெண்டு பேப்பரும் ஒத்து வரலையாம். ஒண்ணுல பொண்ணு அவங்க மகள்னு இருக்கு. இன்னொண்ணுல உங்க மகள்னு இருக்கு. உறவு நிரூபணமாகலைன்னு தள்ளிட்டாங்க" என்றார்.

ஆவணியில் வைத்திருந்த கல்யாணம் ஐப்பசிக்குப் போனது.

உண்மையைச் சொல்லி உறவைத் திருத்தி எழுதி வாங்கிவிடலாம் என்று மாமா நினைத்தார். அதற்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தோம். எங்கள் பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிடித்தால் விடாது. விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறுவோம். போய்ச் சேரும்போது இடுப்பு வரை நனைந்திருக்கும். நான் தாள்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சேலைக்குள் வைத்துக்கொள்வேன். போனால் அதிகாரி கேம்ப் போயிருப்பார். அவர் இருக்கும் நாளில் சீல் வைக்கிறவர் இருக்க மாட்டார். ஒரு நாள் கையெழுத்து கிடைக்கும், தேதி போட்டிருக்காது. ஒவ்வொரு முறையும் லீவு சொல்ல வேண்டும், அந்த நாள் கூலி போய்விடும்.  

அந்த ஆபீசில் வயதான கிளார்க் அம்மா ஒருவர் இருந்தார், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கே சலித்துப் போயிருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் கூட்டம் குறைந்ததும் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மாமா நடந்ததை மெதுவாகச் சொன்னார்.

கிளார்க் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, நெசத்தை எழுதிக் குடுத்தா அட்டை பொய்யாயிருமுங்க. அட்டை பொய்யாச்சுன்னா உங்க வேலை, லயத்து வீடு, இந்தப் புள்ளை இங்க இருக்கறது, எல்லாத்தையும் நோண்டுவாங்க. அதெல்லாம் வேண்டாமுங்க. முன்னால எழுதுனது தப்பாயிருச்சுன்னு சொல்லிட்டு, அட்டையில என்ன இருக்குதோ அதையே எல்லாரும் எழுதிருங்க."

"அப்ப எங்கக்கா என்னான்னு எழுதுறது?" என்று மாமா கேட்டார்.

"உங்க மக கல்யாணத்துக்கு உங்கக்கா வர்றாங்க. இந்தப் புள்ளைக்கு அத்தை. அவ்வளவுதானுங்க."

மாமா என்னைப் பார்க்கவில்லை. கிளார்க் அம்மா என்னிடம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "கடுதாசி ஏதாச்சும் இருந்தா சேர்த்து வையி அம்மிணி. உறவுக்குச் சாட்சியாயிருக்கும்" என்றார்.

கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. ஆனால் எல்லாமே அன்புள்ள அம்மாவுக்கு என்று தொடங்கியவை. அவற்றை எப்படிக் காட்டுவது? அதனால் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து முதல் வரியை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'அன்புள்ள அத்தைக்கு.' பெரிய துக்கமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அலுப்பாக இருந்தது. ஈரத்துணியோடு நாளெல்லாம் நின்ற மாதிரி ஓர் அலுப்பு. அதன் கீழே, நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதி முடித்தேன். அம்மா இனி எப்படி எழுத வேண்டும் என்பதைத் தனித்தாளில் எழுதி, படித்ததும் கிழித்துவிடச் சொன்னேன்.

மாமி அடுப்படியில் இருந்து வந்து, தாளை எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டார். எழுதிட்டேன் என்றேன். "நான் என்ன புள்ள செய்ய? நானா கேட்டேன் இத?" என்றார். என்னை வளர்த்த மனுஷி அவர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

அம்மாவுக்கும் எழுதத் தெரியாது. அங்கிருந்த என் தம்பியை வைத்து எழுதச் சொன்ன பதில் வந்தது. 'அன்புள்ள மருமகளுக்கு' என்று தொடங்கியிருந்தான்.

இதற்குள் மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. ஐப்பசியும் போய்த் தை என்றதும் மாப்பிள்ளையின் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். "ஏனுங்க, ஒரு அத்தை வரோணும்னு ஊருல யாராச்சும் கல்யாணத்தை ரெண்டு தடவை தள்ளி வைப்பாங்களா? எங்க பக்கம் சொந்தக்காரங்க சிரிக்கறாங்க" என்றார். அவர் கேட்டது நியாயம். மாமா, "ஒரே அக்கா. தை மாசம் வந்தாலும் வராட்டியும் முடிச்சிருவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மார்கழி பாதியில் அம்மாவின் கடிதம் வந்தது. அவளுக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு விசா கிடைத்திருந்தது. அப்பாவுக்கு இந்தத் தடவையும் இல்லை.

மாமா ராமேஸ்வரம் போய் அழைத்து வந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊட்டியில் ஓர் ஆபீசில் வந்ததைப் பதிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எஸ்டேட்டுக்கு வந்துவிட்டு மறுபடி ஊட்டிக்குப் போனால் இன்னொரு நாள் கூலி போகும். வழியிலேயே அந்த வேலையை முடித்துவிடலாம் என்பது மாமாவின் யோசனை. குடும்ப அட்டையையும் எஸ்டேட் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மாமியும் நானும் ஊட்டிக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தோம்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினார். பின்னாலேயே ஒரு சின்ன உருவம், தலையில் முக்காடு, ஒரு தகரப்பெட்டி. என் மனதில் இருந்த அம்மா உயரமானவள். இவள் என் தோளுக்குத்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  அழவில்லை. நானும் அழவில்லை. "வாங்க, பன்னெண்டு மணிக்குள்ள போகணும்" என்று மாமா நடக்க ஆரம்பித்தார்.

ஆபீசில் நிறைய நேரம் நின்றோம். அம்மா என் கையை விடவேயில்லை. எங்கள் முறை வந்ததும் அங்கிருந்த அதிகாரி தாள்களைப் புரட்டினார். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். பிறகு சாதாரணமாக, என்னைக் காட்டி அம்மாவிடம் கேட்டார்: "இந்தப் பொண்ணுக்குத்தான் கல்யாணமா? இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி மகளுங்க" என்றாள் அம்மா.

ஒரு நொடி தயங்கவில்லை.  என் கையைப் பிடித்தபடியே சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டு சீல் வைத்தார்.

அந்தப் பதிலைச் சொல்லச் சொல்லி எழுதியவளே நான்தான். இருந்தும் அது காதில் விழுந்தபோது, இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறதே இவளால் என்றுகூட நினைத்துவிட்டேன். கூடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மலை இறங்கும்போது அம்மாவே பேசினாள். "கோவமா புள்ள?"

"இல்ல."

"கப்பல்ல ஏறுனதுலருந்து அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தேன். தம்பி மக, தம்பி மகள்னு. யாராவது கேட்டா வாய் தவறி எம் மகள்னு சொல்லிப்புடுவேனோன்னு ஒரே பயம். ராத்திரியெல்லாம் கண்ண மூட ஏலல. இப்பத்தான் உசுரு வந்திச்சு."

அதைச் சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அத்தனை வளைவிலும் எழுந்திருக்கவில்லை. அசைந்தால் விழித்துக்கொள்வாளோ என்று நான் தோளை அசைக்காமலேயே வந்தேன். முன் சீட்டில் இருந்த மாமி திரும்பிப் பார்த்துத் தன் கம்பளியை எடுத்து அம்மாமேல் போர்த்தினார்.

கல்யாணம் எஸ்டேட் கோயிலில் நடந்தது. அம்மா அத்தையாகவே வந்துபோய்க்கொண்டிருந்தாள். பந்திக்கு இலை போட்டாள், நலங்கு வைக்கும்போது மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று வைத்தாள். தாரை வார்க்கிற நேரம் வந்தது. மாமாவும் மாமியும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா கூட்டத்துக்குப் பின்னால், தூணை ஒட்டி நின்றாள்.

மாமி செம்பைக் கையில் எடுத்துவிட்டு ஊற்றாமல் நின்றார். அவர் பார்வை அம்மாவிடம் போய்ப் போய் வந்தது. கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் ஊற்றவும் மனமில்லை. ஐயர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா, இரண்டு முறை நாள் தள்ளியதற்குச் சண்டை பிடித்தவர், என் முகத்தைப் பார்த்தார். திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே ஜாடை, நெற்றியும் தாடையும் அச்சு. அவர் முகத்தில் ஏதோ மாறியது. எல்லோருக்கும் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார்:

"அத்தை அத்தனை தூரம் கடல் தாண்டி வந்திருக்கறாங்க. தூணோரம் நின்னா எப்படிங்க? வாங்க, நீங்களும் வந்து கையை வைங்க. எங்க பக்கம் இப்படித்தானுங்க செய்வோம்."

அவர்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

அம்மா வந்தாள். மாமி நகர்ந்து இடம் விட்டார். மூன்று பேர் கைகளும் என் கைக்குக் கீழே இருந்தன. மாமி செம்பை அம்மாவிடம் கொடுக்க, அம்மா தண்ணீர் ஊற்றினாள். பஸ் ஸ்டாண்டில் அழாதவள், ஆபீசில் அழாதவள், அப்போது அழுதாள். அண்ணன் தம்பி மகளுக்காக அத்தை அழுவது ஒன்றும் புதிதில்லையே, யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் மாமியார் கடைசி வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாகச் சொல்லப் போனபோதும், "தெரியுமுங் கண்ணு, அடுப்பைப் பாரு" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

விசா முடிவதற்கு இரண்டு நாள் முன்பே அம்மா கிளம்பிவிட்டாள். ஒரு நாள் கூடத் தங்கினால் அடுத்த தடவை தரமாட்டார்களாம். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அங்கே கலவரம் வந்தது, கப்பலும் நின்றது. இரண்டு முறை விண்ணப்பம் போட்டோம், இரண்டும் திரும்பின. அம்மா அங்கேயே காலமானாள். தகவல் வர மூன்று வாரம் ஆயிற்று.

என் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தபோதும், பிறகு அவர்களுக்காக ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் என்று எத்தனையோ விண்ணப்பங்களை நிரப்பியபோதும், 'தாயின் பெயர்' என்ற இடம் வந்தால் என் கை சற்று நின்றுவிடும். யாரிடமும் அனுமதி கேட்காமல், எதற்கும் பயப்படாமல், அங்கே என் பெயரை எழுத முடிவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைத்துக்கொண்ட பிறகுதான் எழுதுவேன்.