நாங்களே அள்ளிப்போட்ட சுவர்

குழந்தைகளே, அந்தியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் போன ஐப்பசியில் ஓடை வெள்ளம் பள்ளிக்கூடத்தின் இரண்டு அறைகளையும் சாய்த்துவிட்டது. ஐந்து வகுப்பும் வேப்பமரத்தடிக்கு வந்தன. சேதத்தைப் பார்க்க மத்திய அரசின் குழு வருகிறது, அவர்கள் பார்த்து எழுதினால்தான் புதுக் கட்டடம் கிடைக்கும் என்றார் தலைமை ஆசிரியர்.

"ஏனுங்க, டெல்லியில இருந்து வாராங்க. கல்லும் மண்ணுமாக் கெடந்தா நம்மளை என்னன்னு நெனைப்பாங்க?" என்றாள் என் மனைவி. எனக்கும் சரியென்றே பட்டது. ஊரே சேர்ந்து இடிந்த சுவரை அள்ளி ஓடைக்கரையில் கொட்டினோம். சாணம் தெளித்துக் கோலமிட்டு, மாவிலை கட்டிய பந்தலில் பிள்ளைகளை உட்கார வைத்தோம்.

ஜீப்பில் வந்த டெல்லி அதிகாரி இளநீர் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"இடிஞ்ச கட்டடம் எங்கேன்னு கேக்கறாருங்க" என்றார் கூட வந்த தாசில்தார்.

"நேத்தே சுத்தம் பண்ணிப்போட்டமுங்க!" என்றேன், பெருமையாக.

"கெடுத்துப்போட்டீங்களே!" என்று தாசில்தார் தலையில் கைவைத்தார்.

புதுக் கட்டடம் கிடைக்கும் ஊர்களின் பட்டியல் வந்தபோது அதில் எங்கள் ஊர் இல்லை. மறுபடி மனு போட்டிருக்கிறோம். வெள்ளம் இடித்ததைக் கட்டித் தருவது அரசாங்கத்தின் கடமைதான். இடிந்ததைக் காட்டுவது எங்கள் வேலை, அதைத்தான் நான் தவறவிட்டேன். இப்போதெல்லாம் மழையில் ஒரு ஓடு விழுந்தாலும் போட்டோ எடுக்காமல் தொடுவதில்லை.

மூன்றாவது படிக்கும் என் மகள் ஜீப் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள். "நம்ம பள்ளிக்கூடத்துக்குங்களாப்பா?"

"இருக்கும் கண்ணு" என்று நானும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.